பேர் இருந்தால் ஆள் இருக்க வேண்டும்

மலைநாட்டு மழையைக்கூட வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டிருக்கக் கூடிய ஒரே மனிதர் எங்கள் தெருப் பெரட்டு ஐயாதான். மழை தன்னைவிட வயதில் மூத்தது என்ற ஒரே மரியாதைக்காக அதை விட்டுவைத்தார். மற்றபடி அந்தத் தெருவில் அவர் பேர் கூப்பிடாத உயிரும் இல்லை, பொருளும் இல்லை. ஆட்கள், பட்டினசபைக் குப்பை வண்டி மாடு, தெருவிளக்கு, ஒரு கறுப்புக் குடை என்று எல்லாமே அவருடைய செக்ரோலில் இருந்தன. அதில் என் பெயருக்கு நேரே விழுந்த அரைப்பேர்களை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கொழும்பு வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தில் விடிந்தும் விடியாத நேரத்தில் தொழிலாளர்களை ஓரிடத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, இன்னார் கொழுந்தெடுக்க, இன்னார் காண் என்கிற வடிகால் வெட்ட என்று பிரித்து அனுப்புவார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். வந்தவர்களைப் பதிகிற பெரிய புத்தகம் செக்ரோல். முழுநாளும் ஒழுங்காக வேலை செய்தவருக்கு ஒரு பேர். பிந்தி வந்தாலும் குறைத்துச் செய்தாலும் அரைப்பேர். அங்கே ஒரு ஆளின் சோறும் மானமும் இந்தப் பேரில்தான் இருக்கிறது.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து இந்தப் பேரைப் போட்டவர் நம்மவர். வேலையிலிருந்து ஓய்ந்ததும் எங்கள் சின்ன ரயில் ஸ்டேஷன் ஊரில், என் வீட்டுக்கு எதிரே, ஒரு தகரக் கூரை வீட்டை வாங்கிக்கொண்டு மனைவியுடன் வந்து சேர்ந்தார். களிசான் என்கிற காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை மேஸ் காலுறை, கம்பளிக் கோட்டு, தொப்பி, கக்கத்தில் வெறுமையான ஒரு புதுச் செக்ரோல். தோட்டத்தில் பிரிவுபசாரமாக என்ன வேண்டும் என்று தொரை கேட்டாராம். இவர் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

எங்கள் தெருவுக்குப் பட்டினசபை தந்திருந்த பெரிய வசதி ஒரு தண்ணீர்க் குழாய். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் தெரு முழுவதும் தண்ணீர் பிடிப்பதோடு அன்றைய சண்டையையும் போட்டு முடித்துவிட வேண்டும். குடத்துக்குக் குடம் மோதும், பிறகு வாய்க்கு வாய் மோதும். பெரட்டு ஐயா குடிவந்து இரண்டு நாள் இதை வாசலில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் புத்தகத்துடனும் பென்சிலுடனும் குழாயடிக்கு வந்து, வீட்டுவாரியாகப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஏதோ அரசாங்கக் கணக்கெடுப்பு என்று நினைத்து எல்லோரும் வயதைக்கூடச் சொன்னார்கள்.

நாலாம் நாள் காலையில் பெரட்டு ஆரம்பமாகிவிட்டது.

"பேர் கூப்பிட்டா 'இருக்கேங்க'ன்னு சொல்லணும்," என்று சட்டம் சொன்னார். "தலைய ஆட்டுறது, இருமுறது, கொடத்தத் தட்டிக் காட்டுறது, இதெல்லாம் கணக்குல வராது."

நான் ஸ்டேஷனில் பார்சல் கிளாக்கர், அரசாங்க உத்தியோகத்தன். குழாயடியில் குடத்தோடு நின்று 'இருக்கேங்க' என்று கத்த எனக்கு நா எழவில்லை. மூன்று தரம் கூப்பிட்டார். நான் மூன்று தரமும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அரைப்பேர் விழுந்தது. அரைப்பேர் வாங்கியவன் மறுநாள் வரிசையில் கடைசி என்பது இரண்டாவது சட்டம். மறுநாள் என் குடம் குழாய்க்குக் கீழே போன அதே விநாடியில் மணி ஏழடித்தது. முகம் கழுவாமல் வேலைக்குப் போனேன். அதற்கடுத்த நாள் நான் சொன்ன 'இருக்கேங்க' ஸ்டேஷன் மாஸ்டருக்கே கேட்டதாகச் சொன்னார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேர் கூப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து குழாயடியில் ஒரு குடம்கூட நெளியவில்லை.

அதன் பிறகு மனிதருக்குக் கை நிற்கவில்லை. வீட்டுக்கு முன்னால் ஓடுகிற காணை அந்தந்த வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்ய வேண்டும் என்று வேலை பிரித்தார். தெருவிளக்கைச் செக்ரோலில் சேர்த்து, எரியாத நாளெல்லாம் 'வரவில்லை' என்று எழுதி, மாத முடிவில் அதன் நகலைப் பட்டினசபைக்கு அனுப்பினார். குப்பை வண்டி ஒருநாள் ஒன்பது மணிக்கு ஆடி அசைந்து வந்தது. வண்டிக்காரர் பின்னால் எங்கோ பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். ஐயா மாட்டுக்கு முழுப்பேரும் வண்டிக்காரருக்கு அரைப்பேரும் போட்டார். அந்த மனிதர் அழாத குறையாக என்னிடம் வந்து, அடித்தாலும் பரவாயில்லை, மாட்டுக்குக் கீழே தன்னைப் போட்டுவிட்டாரே என்று முறையிட்டார்.

பெரட்டு ஐயாவின் மனைவி மட்டும் பெரட்டுக்கு வருவதில்லை. என் மனைவி காரணம் கேட்டபோது, "கல்யாணம் முடிச்ச நாள்லருந்து இவருக்குப் பேர் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாராம்.

இனி குடை. தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் சீனி நானா. சீனி அவருடைய பெயர் அல்ல, பேச்சு. அவர் ஒருமுறை கடை வாசலில், குடைக்கு ஒரு வருட உத்தரவாதம் என்று பலகை மாட்டினார். வருடத்தில் பாதி நாள் மழையும் மீதி நாள் மழைக்கு முந்திய காற்றும் அடிக்கிற எங்கள் ஊரில் குடைக்கு உத்தரவாதம் கொடுக்கிறவர் ஒன்று வீரராக இருக்க வேண்டும், அல்லது தன் பலகையைத் தானே வாசிக்காதவராக இருக்க வேண்டும். நானா இரண்டாவது வகை.

பெரட்டு ஐயா ஒரு குடை வாங்கி, அன்றைக்கே அதைச் செக்ரோலில் பதிந்தார். புத்தகத்தில் ஆண், பெண், பிள்ளை என்று மூன்றே பிரிவு. குடையை ஆண்களில் சேர்த்தார். பதினோராம் மாதத்தில் ஸ்டேஷன் பாலத்துக் காற்றில் அது கவிழ்ந்து கம்பி முறிந்தது. கொண்டுபோய்க் காட்டினால், உத்தரவாதம் துணிக்குத்தான், கம்பிக்கு இல்லை என்றார் நானா. துணியும்தான் கிழிந்திருக்கிறது என்று ஐயா விரித்துக் காட்டினார். காற்றில் கிழிந்தால் அது ஆண்டவன் செயல், கடைக்காரன் பொறுப்பல்ல என்றார் நானா. கடையில் ஆள் நிறைந்திருந்தது. பெரட்டு ஐயா செக்ரோலைப் பிரித்தார்.

"ஆனி மாசம் முழுக்க வேலைக்கு வந்திருக்கு. ஆடியில ஒரு நாள் லீவு இல்ல. ஐப்பசியில ரெண்டு நேரமும் வேலை. இப்படி ஒழைச்ச ஆளு விழுந்து கெடக்குறான். வைத்தியம் பாக்க மாட்டேங்கிறீங்களே நானா, இது நாயமா?"

கடையில் நின்றவர்கள் அந்தக் குடைக்காக நிஜமாகவே வருத்தப்படத் தொடங்கிவிட்டார்கள். நானா புதுக்குடை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பலகையையும் கழற்றி உள்ளே வைத்தார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பெரட்டில் நானாவின் பேர் கூப்பிடப்பட்டால் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு 'இருக்கேங்க' என்பார்.

இப்படியிருக்க, பெரட்டு ஐயாவுக்குச் சோலை வரி நோட்டீஸ் வந்தது.

வீடு வைத்திருப்பவன் பட்டினசபைக்குக் கட்டுகிற வரிக்கு நம் நாட்டில் சோலை வரி என்று பெயர். விளக்கு எரியாது, தண்ணீர் நின்றுவிடும், குப்பை வண்டி வழிதவறும். பட்டினசபையிலிருந்து நாள் தவறாமல் வருகிற ஒரே சேவை இந்த நோட்டீஸ்தான். நானும் வருடக்கணக்காகக் கட்டியவன். அந்தப் பெயரை ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. பெரட்டு ஐயா யோசித்தார். நோட்டீஸ் கிடைத்த அன்றே போய்ப் பணத்தைக் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு, "சரிங்க, சோலை எங்கங்க?" என்று கேட்டார்.

எந்தச் சோலை என்றார் பட்டினசபைக் கிளாக்கர். நான் பின்னால் அதே வரியைக் கட்ட நின்றுகொண்டிருந்தேன்.

"சோலை வரின்னு வாங்கியிருக்கீங்க. எங்க தெருவுல சோலை இல்லீங்களே."

"அது சும்மா ஒரு பேருங்க ஐயா."

"பேர் இருந்தா ஆள் இருக்கணும்," என்றார் பெரட்டு ஐயா. "ஆள் இல்லாத பேரப் போட்டா தோட்டத்துல கணக்கப்பிள்ளைக்கு அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சிரும். நீங்க எத்தன வருசமாப் போடுறீங்க?"

கிளாக்கர் என்னை உதவிக்குப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன்.

ஒரு மாதம் பொறுத்தார். சோலை வரவில்லை. என் வீட்டுக்கும் குழாய்க்கும் நடுவே பட்டினசபைக்குச் சொந்தமான ஒரு குப்பைமேடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காண் வேலையை ரத்துச் செய்துவிட்டு எங்கள் எல்லோரையும் மண்வெட்டியோடு அங்கே திருப்பினார். தோட்டத்தில் புதுமலை போடுகிற, அதாவது புதுத் தேயிலை நடுகிற மாதிரியே கயிறு பிடித்து, முளை அடித்து, குழி வெட்டி, சவுக்குக் கன்றுகளும் ரோஜாவும் நடவைத்தார். ஆசைக்கு மூலையில் ஒரு வாழையும் வைத்தார். குளிரில் வாழை பத்து நாள்கூடத் தாங்கவில்லை. செக்ரோலில் அதன் பெயருக்கு நேரே 'காலமானார்' என்று எழுதினார். மற்றவை பிழைத்துக்கொண்டன. இரண்டு வருடத்தில் சவுக்கு என் உயரத்துக்கு வந்தது. ஊரில் சோலை வரிக்கு ஒரு சோலையைக் காட்டக்கூடிய ஒரே தெரு எங்கள் தெரு என்று நாங்களும் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தோம்.

அப்போதுதான் பட்டினசபை விழித்துக்கொண்டது. ஓவர்சியர் நாடாவோடு வந்து சோலையை அளந்து, நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டார். சந்தைக்கு வருகிறவர்களுக்காக அந்த இடத்தில் பொதுக் கக்கூஸ் கட்டப் போகிறார்களாம். பெரட்டு ஐயா அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய், சோலையைக் காப்பாற்றும்படி ஒரு பெட்டிசம் எழுதி, முதல் ஆளாகத் தானே கையெழுத்து வைத்து, பெரட்டில் எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்.

பட்டினசபைத் தேர்தல் நெருங்கியிருந்தது. எங்கள் வட்டார மெம்பர் ஒரு சிங்களவர், பேக்கரி முதலாளி. மெம்பர் மாத்தயா, அதாவது மெம்பர் ஐயா, என்போம். நல்ல மனிதர். மறுபடியும் போட்டியிட்டார். ஒரு காலையில் கூடை நிறைய இனிப்பு ரொட்டியான பணிஸோடு குழாயடிக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். பெரட்டு ஐயா பெட்டிசத்தை நீட்டினார். மாத்தயா அதை வாங்கவில்லை. கையிலிருந்த வாக்காளர் பெயர்ப் பட்டியலான இடாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு சிரித்தார்.

"ஐயா, கோபிக்க வேணாம். மொத கையெழுத்து ஒங்கட. இதுல ஒங்க பேரு இல்ல நே. ஓட்டு இல்லாத ஆளு குடுத்த பெட்டிசம்னா சபையில எடுக்க மாட்டாங்க."

இதை விளக்க வேண்டும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமையும் அதோடு ஓட்டும் தானாகக் கிடைக்கவில்லை, விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. என் தகப்பனார் துண்டுக் கடதாசியைக்கூட எறியாதவர், அதனால் எனக்குக் கிடைத்தது. பெரட்டு ஐயாவும் போட்டார். இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததைக் காட்டு என்றார்கள். நடுவில் ஒருமுறை, படுக்கையில் விழுந்த தகப்பனாரைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போனவர் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தங்கும்படியாகிவிட்டது. அந்த இடைவெளியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். முப்பது வருடம் ஊரார் வருகையைப் பதிந்த மனிதருக்கு, பெற்ற அப்பனைப் பார்க்கப் போனதற்காக 'வரவில்லை' என்று போட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பெரட்டு ஐயா மாத்தயாவிடம் இடாப்பைக் கேட்டு வாங்கினார். எங்கள் தெருப் பெயர்களைப் பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். போன வருடம் இறந்துபோன தையற்காரரின் பெயர் அதில் இருந்தது.

"இதுக்கு ஆள் இல்ல, பேர் இருக்கு," என்றார். "நான் ஆள் இருக்கேன். பேர் இல்ல."

இடாப்பை மூடிக் கொடுத்துவிட்டு, பெட்டிசத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அன்றைக்கு யாரும் பணிஸ் தின்னவில்லை.

மறுநாள் பெரட்டு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் குழாயடியில் பழைய சண்டை திரும்பி வந்து இரண்டு குடம் நெளிந்தது. தெருவிளக்கு எரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பை வண்டிக்காரர் சரியாக ஏழு மணிக்கு வந்து, பேர் போட ஆளில்லாததால் என்ன செய்வதென்று புரியாமல் மாட்டோடு நின்றார்.

தேர்தல் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட வேண்டும். காலையில் வெளுத்த உடுப்போடு எல்லோரும் குழாயடிக்கு வந்தோம். அங்கிருந்து சேர்ந்து போவதாகப் பேச்சு. வந்தோமே தவிர, யாரும் நகரவில்லை. யாரும் திட்டம் போட்டதாக எனக்குத் தெரியவில்லை. பழக்க தோஷம். பேர் கூப்பிடாமல் கால் எழவில்லை. கடைசியில் சீனி நானாதான் வாயைத் திறந்தார். குடைச் சண்டைக்குப் பிறகு பெரட்டு ஐயாவின் முகத்தைப் பார்த்துப் பேசாத அதே நானா.

"பேர் கூப்பிடாம நான் போக மாட்டேன்," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். தெரு முழுவதும் அப்படியே நின்றது. எட்டு மணி, ஒன்பது மணி. தூறல் போட்டது. பத்து மணிக்கு மெம்பர் மாத்தயா பேக்கரி வானில் பதறிக்கொண்டு வந்து இறங்கினார். ஒரு தெரு ஓட்டு முழுவதும் குழாயடியில் நனைந்துகொண்டிருந்தால் எந்த வேட்பாளர்தான் பேக்கரியில் உட்கார்ந்திருப்பார்? என்ன நடந்தது என்று கேட்டார். பெரட்டு இன்னும் எடுக்கவில்லை, அதனால் போகவில்லை என்று விளக்கினேன். அவர் ஒருமுறை எங்களைப் பார்த்தார், ஒருமுறை சோலையைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய்ப் பெரட்டு ஐயாவின் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தது ஐயாவின் மனைவி. "அவரு லீவுல இருக்காரு," என்றார்.

மாத்தயா உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயா, வாங்க. பெரட்டு நிக்குது," என்றார்.

முப்பது வருடம் அந்த வார்த்தைக்கு எழுந்தவர் எப்படி உட்கார்ந்திருப்பார்? ஐந்தே நிமிடத்தில் களிசான், மேஸ், கோட்டு, தொப்பி, செக்ரோலோடு வெளியே வந்தார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் பேர் கூப்பிட்டார். நானா இந்த முறை நேரே திரும்பி நின்று 'இருக்கேங்க' என்றார். கடைசியில் வரிசையின் ஓரத்தில் நின்ற மாத்தயாவைப் பார்த்துப் பென்சிலை நாக்கில் தொட்டு, பத்து மணிக்கு வந்ததற்காக அவருக்கும் ஒரு அரைப்பேர் போட்டார்.

வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். யாருக்குப் போட்டோம் என்பது அவரவர் ரகசியம். மாத்தயா வென்றார். பொதுக் கக்கூஸ் சந்தைக்குப் பின்னால் போனது. அது நாங்கள் நின்றதற்காகவா, சோலை நடுவில் கக்கூஸ் கட்டினால் வாசனை பக்கத்திலிருந்த அவர் பேக்கரிக்கு வருமென்றா என்பது எனக்குத் தெரியாது. சவுக்கு மரங்கள் பிழைத்தன.

நான் சொல்ல வந்தது அன்று மத்தியானம் நடந்தது. பெரட்டு ஐயா பள்ளிக்கூட வளவுக்குள் வரவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஓட்டுப் போட்டு வெளியே வருகிற எங்கள் தெரு ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் பேர் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக வந்தவன் நான். எனக்கும் போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடப் போனார்.

எனக்கு என்ன தோன்றியதோ, புத்தகத்தையும் பென்சிலையும் அவர் கையிலிருந்து வாங்கினேன். பக்க அடையாளத்துக்கு உள்ளே சோலை வரி ரசீதை வைத்திருந்தார். அதில் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஆட்களின் வரிசையில் கடைசிக்குக் கீழே அதை எழுதினேன். பிறகு நிமிர்ந்து நின்று, அவர் கூப்பிடுகிற மாதிரியே சத்தமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

அவர் புத்தகத்தையே பார்த்தார். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரத்துக்கு முன்னால் அவர் குடையை இடது கைக்கு மாற்றினார், தொப்பியைச் சரிசெய்தார், குதிகாலை ஒட்டி நின்றார்.

"இருக்கேங்க."

பெயருக்கு நேரே பென்சிலை வைத்தேன். அவர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"அழுத்திப் போடுங்க தம்பி," என்றார். "மழ பெய்யுது, அழிஞ்சிரும்."

அழுத்தித்தான் போட்டேன், முழுப்பேர்.